பறக்கிற பெண்ணுக்கு ஒரு சாட்சி

படப்பையில் எங்கள் தெருவில் கடிகாரம் பார்க்கிறவர்கள் குறைவு. ஷிப்ட்தான் கணக்கு. ஏ ஷிப்ட்காரன் கிளம்பும்போது சி ஷிப்ட்காரன் வந்து படுப்பான். நான் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறவன். எவன் எப்போது வீட்டில் இருப்பான் என்பது அவன் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எதிர்வீட்டு எவாஞ்சலின், எங்களுக்கு எவா, எப்போது இருப்பாள், எப்போது இருக்கமாட்டாள் என்பது மட்டும் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது.

திங்கள் முதல் வியாழன் வரை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிப்பாள். வியாழன் சாயங்காலம் கல்லூரியிலிருந்து நேராக பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் போய் நின்று பஸ் ஏறுவாள். மேற்கே ஐந்தாறு மணி நேரம் போனால் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடிந்ததும் ஓடுதளத்தில் இருப்பாள். ஞாயிறு மதியம் திரும்ப பஸ். திங்கள் காலை முதல் வகுப்பில் அவள் கண் திறந்திருக்கும், அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

குன்றத்தூர் மேலே தாழ்ந்து இறங்குகிற விமானங்களை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாமே பார்க்கின்றன. இவள் பார்த்ததோடு நிற்கவில்லை. அவளுடைய அப்பாவின் பெயர் அப்பாவு, ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பிள்ளைப்பாக்கத்தில் மிச்சமிருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தை வீடு கட்டாமல், கார் வாங்காமல், மகளின் பயிற்சிக்குக் கட்டினார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா சரோஜா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பைலட் ஆவு, வேணான்னு சொல்லல. ஆனா டிகிரி கையில இருக்கணும். நாளைக்கு அது இல்லன்னா இது." அதுதான் அந்தப் பெண் இரண்டு இடத்தில் படித்த கதை. பைலட் ஆவதற்கு டிகிரி தேவையில்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சரோஜா அசையவில்லை.

கல்லூரியில் துறைத்தலைவர் மதிவதனி மேடம். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. லேப் வெள்ளிக்கிழமை. எவா எந்த வெள்ளிக்கிழமையும் இருக்கமாட்டாள்.

"நீ ஆகாசத்துல இருந்தேன்னு நான் எப்படிம்மா அட்டெண்டன்ஸ் போட முடியும்? வெள்ளிக்கிழமை லேப்ல நீ இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாராம்.

அதே கல்லூரி அட்மிஷன் சமயத்தில் அவளுடைய சீருடைப் படத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, 'எங்கள் மாணவி, நாளைய விமானி' என்று ஒரகடம் கூட்டு ரோட்டில் ஃபிளெக்ஸ் கட்டியது. அந்த வாரமே வருகைக் குறைவால் பரீட்சை எழுத முடியாதவர்கள் என்று ஒட்டிய தாளிலும் அவள் பெயரை எழுதியது. எவா நேராக மேடத்தின் அறைக்குப் போய், "மேடம், கூட்டு ரோட்டுல தொங்கறவளும் நான்தான், இங்க ஒட்டியிருக்கறவளும் நான்தான். யாரயாவது ஒருத்தர எடுத்துடுங்க" என்றிருக்கிறாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்களும் செவ்வாயும் வகுப்பு முடிந்தபின் இருந்து லேப்பை முடித்துக்கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். தூங்குகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் போனது.

பயிற்சிப் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் வனமாமலை. திருநெல்வேலிக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை காலை விமானத்தைச் சுற்றி வந்து சோதித்துக்கொண்டிருந்தபோது எவா கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டார். "கொட்டாவி விடுதவ விமானத்துல ஏறப்பிடாது. போய்ப் படுத்துத் தூங்கு" என்று அனுப்பிவிட்டார். பாதி ராத்திரி வரை பஸ்ஸில் வந்த பெண் அன்று பறக்கவில்லை. அழுதாயா என்று கேட்டேன். "தூங்கினேண்ணா. அழறதுக்கு ஏது நேரம்" என்றாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் பாடம் படிப்பதை விட்டுவிட்டு, ஏறியதும் காதை அடைத்துக்கொண்டு தூங்கப் பழகினாள். படிப்பதெல்லாம் ஷேர் ஆட்டோவில், என் காரின் பின்சீட்டில், சாப்பிடும்போது. வானிலைப் பாடத்தையும் குவாண்டம் பாடத்தையும் ஒரே தட்டில் பிசைந்து தின்றாள் என்றுதான் சொல்லவேண்டும். தனியாக விமானம் ஓட்டினாள். பல்கலைக்கழகப் பரீட்சையிலும் எல்லாப் பாடமும் தேறினாள். பயிற்சியில் பாதிக்கு மேல் முடித்துவிட்டாள்.

இரண்டையும் சமாளித்தவளால் மூன்றாவதைச் சமாளிக்க முடியவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை.

நானும் அவர்கள் சபைதான். படப்பையில் ஷீட் போட்ட ஒரு ஜெபவீடு. பாய் விரித்து, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாஸ்டர் ஜெபர்சன் ஐயா நல்ல பேச்சுக்காரர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பார். அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் ஆராதனைக்கு வராதவர்களை அவர் மறப்பதும் இல்லை, மற்றவர்களை மறக்க விடுவதும் இல்லை. "சிலர் ஆகாயத்துல பறக்கறாங்க. ஆகாயத்துக்கு மேல இருக்கறவர பாக்கத்தான் நேரம் இல்ல" என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் சரோஜாவைப் பார்த்துத் திரும்பின. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

சரோஜாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பிறவிக் கிறிஸ்தவர்கள் இல்லை. எவாஞ்சலினுக்கே முதலில் வைத்த பெயர் கங்கா. ரெண்டு வயதில் கடுங்காய்ச்சலில் குழந்தைக்கு ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரியாத மனிதராக வந்து பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்தவர்தான் ஜெபர்சன் ஐயா. காலையில் காய்ச்சல் இறங்கியது. அடுத்த மாதம் குடும்பமே ஞானஸ்நானம் எடுத்தது. கங்கா எவாஞ்சலின் ஆனாள். அந்த ஒரு ராத்திரியின் மேல்தான் சரோஜா தன் விசுவாசம் முழுவதையும் கட்டியிருந்தாள்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை மைக்கைப் பிடித்து எல்லோர் முன்பும் சொல்லவேண்டும். கிட்னியில் கல் கரைந்தது, நின்றுபோன விசா வந்தது, வேலை நிரந்தரமானது, இப்படி. பாடு பெரிதாக இருந்தால்தான் மகிமை பெரிது. சாதா தலைவலி குணமானது என்று சொன்னால் யாரும் கை தட்டுவதில்லை. அதனால் ஒவ்வொருவர் பாடும் வருஷத்துக்கு வருஷம் வளரும். சரோஜாவின் சாட்சியை நான் முதல்முதலில் கேட்டபோது வலிப்பு ஒரு தடவைதான் வந்தது. சில வருஷம் கழித்து அது 'அடிக்கடி' ஆனது. அதில் பொய் சொல்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. கேட்கிற எங்களுக்கும் அது பொய்யாகப் படவில்லை. கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவது மாதிரி ஒரு தாராளம், அவ்வளவுதான்.

அந்தப் பிரசங்கத்துக்கு அடுத்த ஞாயிறு சரோஜா தானாக எழுந்து மைக்கை வாங்கினாள். மகள் சபைக்கு வராத குறையைத் தீர்த்துவிட வேண்டும் என்ற வேகம் அவளுக்கு.

"என் பொண்ணுக்கு ஏழு வயசு வரைக்கும் வலிப்பு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி, மூணு வாட்டி வரும். வாயில நுர தள்ளும். டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. இன்னிக்கு அந்தப் பொண்ணு ஒண்டியா பிளேன் ஓட்டுது. காலேஜ்லயும் பாஸ் பண்ணிக்கினு, பிளேனும் ஓட்டிக்கினு கீதுன்னா அது யாரால? கர்த்தரால."

ஜெபவீடே எழுந்து நின்றது. ஜெபர்சன் ஐயாவின் கண்ணில் தண்ணீர். சபையின் யூடியூப் சேனலில் அன்று சாயங்காலமே அது ஏறியது. சீருடையில் எவா, பக்கத்தில் அழுகிற சரோஜா, மேலே சிவப்பு எழுத்தில் 'வலிப்பு நோயிலிருந்து விமானி வரை'.

அப்பாவு அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை செய்கிற கம்பெனி குரூப், சொந்தக்காரர் குரூப், பழைய பள்ளிக்கூட நண்பர்கள் குரூப் எல்லாவற்றிலும் போட்டார். சிரித்தவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அதே கையோடு பயிற்சிப் பள்ளியின் பெற்றோர் குரூப்பிலும் போட்டார். 'கர்த்தருக்கே ஸ்தோத்திரம்' என்று கீழே எழுதவும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எவா ஓடுதளத்தில் நின்றிருந்தபோது கேப்டன் வனமாமலை அவளை அறைக்குக் கூப்பிட்டு போனில் அந்த வீடியோவைக் காட்டினார்.

"இது நெசமா?"

"ஒரே தடவ சார். ரெண்டு வயசுல, காய்ச்சல்ல. அம்மா சர்ச்ல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டாங்க."

"நான் நம்புதேம்மா. ஆனா நான் நம்பி என்ன செய்ய? வலிப்பு வந்தவள ஆகாசத்துல விட்டேன்னு நாளைக்கி ஒருத்தன் கேட்டா என் லைசென்ஸும் போயிரும், பள்ளிக்கூடமும் போயிரும். நான் மேல சொல்லித்தான் ஆவணும். மெடிக்கல் தெளிவாகுற வரைக்கும் நீ விமானத்தத் தொடப்பிடாது."

அன்று மதியமே பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குள் அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவு அண்ணன் வெளியே வந்து என் காரில் சாய்ந்து நின்றார். "அந்த குரூப்புல நான் போட்டிருக்கக் கூடாதுல்ல" என்று என்னிடம் கேட்டார். "போட்டுட்டீங்களே அண்ணே" என்றேன்.

மண்டையை ஸ்கேன் எடுத்தார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டி மூளையின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எல்லாம் சுத்தம். பைலட்டுகளின் உடம்பைச் சோதிக்க அனுமதி பெற்ற டாக்டர் சென்னையில் இருந்தார். அவர் எவாவிடம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். காய்ச்சலில் ஒரு தடவை வலிப்பு வருவது நிறையக் குழந்தைகளுக்கு உண்டு, அது தடையே இல்லை. ஏழு வயது வரை திரும்பத் திரும்ப வந்தது என்றால் கதை வேறு, பறக்கவே முடியாது. பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவும் இல்லாததால் பெற்றவள் வாயால் கேட்கவேண்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. உண்மையைச் சொன்னால் போதும், மறுபடி பறக்கலாம்.

மூன்று பேரையும் நான்தான் காரில் கூட்டிப்போனேன். எவா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணும் புதுசா சொல்ல வேணாம்மா. நடந்தத சொல்லு. ஒரு தடவ, காய்ச்சல்ல. அவ்ளோதான்."

"சரி" என்றாள் சரோஜா.

தாம்பரம் தாண்டும்போது சரோஜாவின் போன் அடித்தது. ஜெபர்சன் ஐயா. கார் ஓடுகிற சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டர், பயப்படாதீங்க. மனுஷர் முன்னாடி அவர அறிக்கை பண்றவங்கள அவர் கைவிட மாட்டார். உங்க சாட்சியக் கேட்டுட்டு வெளியூர்ல இருந்தெல்லாம் போன் பண்றாங்க. வலிப்பு வர்ற புள்ளைங்களத் தூக்கிக்கினு ஜெபத்துக்கு வராங்க. சத்துரு அந்தச் சாட்சிய அழிக்கப் பாக்கறான். நாம ஜெபிப்போம்."

கார் ஓடிக்கொண்டே ஜெபம் நடந்தது. ஐயா யாரையும் மிரட்டவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரோஜா சொன்னதுதான். அது முழு உண்மை என்றே நம்பியிருந்தார். எவா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லாவரம் சிக்னலில் நான் திரும்பிப் பார்த்தபோது சரோஜா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் அறை சின்னது. உட்கார இடமில்லாமல் நான் வாசலில் நின்றேன், கதவைச் சாத்தவில்லை. டாக்டர் மரியாதையான மனிதர். நல்ல பெண், இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"சொல்லுங்கம்மா. இவங்களுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்தது ஒரு தடவையா, பல தடவையா?"

சரோஜா மகளைப் பார்த்தாள். எவா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பல தட்வ சார்" என்றாள் சரோஜா. "ஏழு வயசு வரைக்கும் வந்துச்சு. நுர தள்ளும். கண்ணு மேல சொருவிக்கும். கர்த்தர் சொகமாக்கிட்டாரு. இப்ப ஒண்ணும் இல்ல சார். நீங்க தைரியமா எழுதிக் குடுக்கலாம்."

சாட்சி சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற அதே வெளிச்சம் அப்போதும் வந்தது. அதைப் பார்த்து எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. எவா கையை உருவிக்கொண்டாள்.

"அம்மா பொய் சொல்றாங்க சார்" என்றாள்.

"சின்ன வயசும்மா, வலிப்பு வந்தது வந்தவங்களுக்கே ஞாபகம் இருக்காது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். பிறகு அப்பாவு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்க பாத்ததச் சொல்லுங்க."

அப்பாவு அண்ணனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவர்தான். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

"எனக்கு அப்போல்லாம் நைட் ஷிப்ட் சார். வூட்ல அவதான் பாத்துக்கினா."

நிலத்தை விற்ற கை, நாலு டன் பளுவைத் தூக்கி அடுக்குகிற கை. ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. பெண்டாட்டியைச் சபையில் பொய்க்காரி ஆக்கக் கூடாதாம். மகள் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவர் நினைக்கவில்லைதான். ஆனால் அப்படித்தான் ஆனது. டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

திரும்பும்போது வண்டலூர் தாண்டியதும் எவாதான் கேட்டாள், திரும்பிப் பார்க்காமல்.

"அம்மா, எனக்கு எத்தினி தடவ வந்துச்சு?"

"ஒரு தட்வ" என்றாள் சரோஜா.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"அத்தன பேர் முன்னாடி அவரு பேரச் சொல்லிச் சொன்னது. இப்ப இல்லன்னா அவரு செஞ்சதே இல்லன்னு ஆயிடும்ல. அவரு செய்வாரு பாரு. டாக்டர் இன்னா பெரிய டாக்டர்."

எவா என்னிடம், "அண்ணா, ஏசியக் கொஞ்சம் கூட வைங்க" என்றாள். மேலே மனு போட்டுப் பார்த்தாள். பெற்ற தாயே சொன்ன பிறகு பெண் சொல்வதை யார் கேட்பது? நிரந்தரமாகத் தகுதியில்லை என்று வந்தது.

இப்போது அவள் வாரம் ஐந்து நாளும் கல்லூரிக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை லேப் தவறுவதில்லை. மதிவதனி மேடம் ஒரு நாள் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, "உன்னை இங்க பாக்கறதுக்கு எனக்குப் பிடிக்கல எவா" என்றாராம். நல்ல மனுஷி. ஃபிளெக்ஸை மட்டும் கல்லூரிக்காரர்கள் கழற்ற மறந்துவிட்டார்கள். அடுத்த வருஷ அட்மிஷன் முடியும்வரை அது கூட்டு ரோட்டில்தான் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. சபைக்கு வரமாட்டேன் என்றால் சரோஜா சாப்பிடாமல் உபவாசம் கிடந்தாள். மூன்றாவது வாரம் எவாவே கிளம்பி வந்து பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். சாட்சி நேரம் வந்தது. சரோஜா எழுந்து மைக்கை வாங்கினாள்.

"ஞாயித்துக்கெழம ஆராதனைய விட்டுட்டு எங்கெங்கியோ அலஞ்ச என் பொண்ண கர்த்தர் சபைக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

எவா எழுந்தாள். பாய்களுக்கு நடுவே நடந்து போய் அம்மாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். விமானத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசவேண்டுமாம், நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.

"எனக்கு வலிப்பு ஒரே ஒரு தடவைதான் வந்தது. காய்ச்சல்ல. ஏழு வயசு வரைக்கும் வரல. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். நீங்க கேட்டது நடக்கவே இல்ல. அந்தச் சாட்சியாலதான் நான் இன்னிக்கு பிளேன்ல இல்லாம இங்க நிக்கறேன்."

ஆண்கள் பக்கம் அப்பாவு அண்ணன் குனிந்துவிட்டார். ஜெபர்சன் ஐயா மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. அவள் தலைமேல் கையை வைத்தார். இன்னொரு கையால் மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா சபையாரே. ஏழு வருஷம் பட்ட பாடு. அந்தப் புள்ளைக்கு அதோட ஞாபகம்கூட இல்லாத அளவுக்கு ஆண்டவர் தொடச்சுப் போட்டுட்டாரு. இதைவிடப் பெரிய அற்புதம் வேற இன்னா வேணும்?"

சரோஜாதான் முதலில் கை தட்டினாள்.